குறை பார்க்கும் கண், வலியையும் பார்க்கட்டும்



ஈதுல் அள்ஹா நெருங்கும்போது காணை, விழுப்புரம் வட்டாரத்திலிருந்து பலரும் செஞ்சியின் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் செல்கிறோம். அங்கே ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கிறோம். முதுகைத் தடவிப் பார்க்கிறோம். நடக்கவிட்டுக் கால் பார்க்கிறோம். வெளிப்படையாகத் தெரியும் ஒற்றைக்கண் குருடு, நோய், நொண்டி, எலும்பும் தோலுமான மெலிவு ஆகிய நான்கு குறைகளில் ஏதேனும் ஒன்று உள்ள பிராணி குர்பானிக்குத் தகாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருப்பதே இதற்குக் காரணம் (அறிவிப்பாளர்: பராஉ இப்னு ஆஸிப் (ரலி), அபூதாவூத், திர்மிதீ).

ஆனால் விலை பேசி முடிந்ததும் அந்தக் கண்களை மூடிக்கொள்கிறோம். கால்கள் கட்டப்பட்ட ஆடு இருசக்கர வாகனத்தில் தலை தொங்கியபடி வீடு வந்து சேர்கிறது. நிழலற்ற மாடியில், முழுதாகப் படுக்கவும் முடியாத குட்டைக் கயிற்றில் கட்டப்படுகிறது. யாரேனும் கேட்டால், "அறுக்கப்போகும் ஆடுதானே!" என்கிறோம். இந்த ஒரு சொல்லைத்தான் நாம் கைவிட வேண்டும்.

அறுப்பதற்கு மார்க்கம் அனுமதி தந்துள்ளது, வதைப்பதற்குத் தரவில்லை. அறுக்கும்போதும் அழகிய முறையைக் கையாள வேண்டும், கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்பது நபிமொழி (முஸ்லிம்). கடைசி நொடிக்கே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால், அதற்கு முந்தைய நாள்களுக்கு எவ்வளவு வேண்டும்!

அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு முனகிக் கண்ணீர் வடித்தது. அவர்கள் அதனைத் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்திய பின், அதன் உரிமையாளரை அழைத்து, அதனைப் பட்டினி போட்டு ஓய்வின்றி வேலை வாங்குவதைக் கண்டித்தார்கள் (அபூதாவூத்). வாயில்லா ஜீவனின் முறையீட்டை அறிவது நம் நபியின் வழிமுறை என்பதை இதிலிருந்து உணரலாம்.

அந்த முறையீட்டை நாமும் அறிய முடியும். ஆடு அசைபோடாமல் தலையைத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்கிறதா? பல்லை நறநறவெனக் கடிக்கிறதா? அது வலியின் அடையாளமாக இருக்கலாம். கீழிமையை மெல்ல விலக்கினால் உட்புறம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருக்கிறதா? தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கியிருக்கிறதா? குடற்புழுக்கள் இரத்தத்தை உறிஞ்சியிருக்கக்கூடும். குளம்பு நீண்டு வளைந்திருப்பதும், கழுத்துக் கயிற்றின் கீழ் மயிர் உதிர்ந்து புண்ணாகியிருப்பதும் நெடுநாள் கவனிப்பின்மையைக் காட்டும். வாயைத் திறந்து இளைத்தால், உடனே நிழலும் தண்ணீரும் வேண்டும்.

அன்பின் பெயராலும் தீங்கு நேர்கிறது. பிள்ளைகள் ஆசையோடு சோறும் அரிசியும் பிஸ்கட்டும் ஊட்டுகிறார்கள். பழக்கமில்லாத ஆடு இவற்றை அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றில் அமிலம் பெருகும். கழிச்சல் கண்டு இறக்கவும் கூடும். தழையும் புல்லும் தண்ணீருமே அதற்கு உகந்தவை. நோய் கண்டால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை நாடுங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணிலும் உதவி கேட்கலாம்.

நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், ஒரு சமயம் வேண்டும் முறையில் விலங்கை அறுப்பதைக் குற்றமாகக் கருதுவதில்லை (பிரிவு 28). ஆனால் உணவும் நீரும் நிழலும் தராமல் வைத்திருப்பதையும், துன்புறும் வகையில் ஏற்றிச் செல்வதையும் குற்றம் என்கிறது (பிரிவு 11). குர்பானியைக் குறை கூறுவோருக்கு அந்த 28-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டும் நாம், 11-ஆம் பிரிவையும் வீட்டில் படித்துக்காட்ட வேண்டாமா? அச்சட்டம் முதற்குற்றத்திற்கு விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். பூனையைக் கட்டிவைத்து, உணவளிக்காமலும் தானே இரைதேட விடாமலும் சாகடித்த பெண்ணுக்கோ நரகம் கிடைத்தது (புகாரி, முஸ்லிம்). நாம் அஞ்ச வேண்டிய விசாரணை எது என்பது தெளிவு.

எனவே இவ்வாண்டு ஆட்டை வாங்கும்போதே நிழலான இடத்தையும், நீளமான கயிற்றையும், தண்ணீர்ப் பாத்திரத்தையும் ஆயத்தம் செய்யுங்கள். இருசக்கர வாகனத்தைத் தவிர்த்து, நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து நெருக்கடியில்லாத வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்துங்கள். அறுக்கும் நாளில், ஓர் ஆட்டின் கண்ணெதிரே மற்றோர் ஆட்டை அறுக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் ஆட்டைக் கவனிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். இறைவனுக்காக அறுப்பது என்ன என்பதை அவர்கள் அந்த நாள்களில்தான் கற்றுக்கொள்வார்கள்.

இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வைச் சென்றடைவதில்லை. நமது இறையச்சமே அவனைச் சென்றடைகிறது என்பது குர்ஆனின் போதனை (22:37). அந்த இறையச்சம் நம் வீட்டு மாடியில் கட்டியிருக்கும் ஆட்டிடமும் வெளிப்பட வேண்டும். அத்தகைய உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.