கப்பல் கவிழ்ந்தாலும்…

"கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே" என்பது பெரியோர் வாக்கு. கடலையே காணாத நம் கரிசல் காட்டிலும் இப்பழமொழி வழங்குகிறது. கம்பும் பருத்தியும் விளையும் கோவில்பட்டிச் சீமைக்கும் கப்பலுக்கும் என்ன உறவு என்று தோழியர் சிலர் கேட்கலாம். உறவு உண்டு, மிக நெருங்கிய உறவே உண்டு.

அருகிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு பிறந்த வ.உ.சிதம்பரனார், 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதலில் வாடகைக் கப்பல் ஓடியது. 1907-இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன, கொழும்புக்கு ஓடின. போட்டியாக நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் சென்று கையில் குடையும் கொடுத்தது என்பர். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-இல் கம்பெனி கலைந்தது, கப்பல்கள் விலைபோயின. பிற்காலத்தில் அவர் நம் கோவில்பட்டியிலேயே வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சிறையில் அவர் இழுத்த செக்கைப் போற்றிக் காக்கிறோம். அது தக்கதே. ஆனால் அவர் ஓட்டிய கப்பலின் ஒரு பலகையைக்கூட நாம் பார்க்க இயலாது. பட்ட துன்பத்தின் சின்னம் நம்மிடம் இருக்கிறது. செய்த முயற்சியின் சின்னம் இல்லை! இது பெரிய இழப்பு என்பது என் தாழ்மையான கருத்து.

பழைய நீராவிக் கப்பலை மீட்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று கூறுவேன். 'கிரேட் பிரிட்டன்' என்ற இரும்புக் கப்பல் 1843-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நீரில் இறங்கியது. பல்லாண்டு உழைத்துச் சேதமுற்று, தென் அட்லாண்டிக்கிலுள்ள பாக்லாந்து தீவுகளில் சரக்குக் கிடங்காகக் கிடந்தது. 1937-இல் அதற்கும் உதவாதென்று ஆழமற்ற கடலில் அமிழ்த்தி விட்டனர். 33 ஆண்டுகள் கழித்து, 1970-இல் அதை மீட்க ஒரு குழு சென்றது. கப்பலின் பக்கத்தில் பெரிய வெடிப்பு! தீவு மக்கள் கொடுத்த மெத்தைகளை அதில் திணித்து அடைத்தனர். நீரை இறைத்து மிதக்க வைத்தனர். மிதவை மேடை மீதேற்றி அட்லாண்டிக்கைக் கடந்து பிறந்த ஊருக்கே இழுத்து வந்தனர்.

பிறகுதான் உண்மையான போராட்டம். உப்பு ஊறிய இரும்பு ஈரக்காற்றுப் பட்டால் அரித்துக்கொண்டே போகும். ஆகவே கப்பலின் அடிப்பாகத்தைச் சுற்றிக் கண்ணாடி அடைப்பு அமைத்து, காற்றின் ஈரப்பதத்தை 20 சதவீத அளவுக்குக் குறைத்து வைத்திருக்கிறார்கள். பாலைவனக் காற்றைப் பணம் கொடுத்து உண்டாக்குகிறார்கள்! தோழியரே, நாம் சலித்துக் கொள்ளும் வறண்ட காற்றன்றோ இரும்புக்கு மருந்து? பழைய இயந்திரங்களைக் காக்க ஏற்ற காற்று ஆண்டின் பல மாதங்கள் நம் ஊரில் இலவசமாக வீசுகிறது. காக்கும் மனந்தான் வேண்டும்.

பெண்களால் ஆகுமா என்பாருக்கும் விடை உண்டு. 1862-இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'யாவரி' என்ற நீராவிப் படகு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஆண்டீஸ் மலையேறி, ஏறத்தாழ 12,500 அடி உயரத்திலுள்ள டிட்டிகாகா ஏரிக்குச் சென்றது. விறகும் நிலக்கரியும் அரிதான அங்கே லாமா என்ற விலங்கின் உலர்ந்த சாணமே அதற்கு எரிபொருள். பின்னாளில் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டு, கவனிப்பாரற்றுக் கிடந்த அந்தப் படகை 1987-இல் விலைக்கு வாங்கி மீட்டவர் மெரியல் லார்கன் என்ற பெண்மணி.

நம் நாட்டிலும் ஆற்றலுக்குக் குறைவில்லை. 1855-இல் செய்யப்பட்டு, ஒரு நூற்றாண்டுக் காலம் காட்சிப் பொருளாக நின்ற நீராவி ரயில் எஞ்சினை 2010-இல் ஓட வைத்தவர்கள் சென்னைப் பெரம்பூர்ப் பணிமனைத் தொழிலாளர்கள்.

"தண்ணீருக்குக் குடத்துடன் வரிசையில் நின்று வளர்ந்த ஊரில் பழைய இரும்புக்குச் செலவா?" என்று பெற்றோர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை, அது இயலாது. இன்னும் சொன்னால், அவசரமாகப் பழுது பார்ப்பது ஆபத்தும்கூட. துருவால் மெலிந்த கொதிகலனில் நீராவி ஏற்றினால் அது வெடிக்கும். முதலில் குளிர்ந்த நீரை நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். பலவீனமான இடம் இருந்தால் பெரும்பாலும் கசிவோடு போகும். இது வல்லுநர் வேலை. ஆனால் மழைபடாமல் மூடி வைப்பதற்கும், எண்ணெய் தடவுவதற்கும், அதன் வரலாற்றை எழுதி வைப்பதற்கும் எவ்வளவு செலவாகும்?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். தாத்தாவின் கிணற்றடியில் ஓர் ஆயில் எஞ்சின் இருந்தது. கமலை கட்டி இறைத்த காலம் போய், எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் எஞ்சின் அது. தாத்தா மறைந்தபின் காயலான் கடைக்கு எடை போட்டுக் கொடுத்து விட்டோம். வந்த பணம் ஒரு வாரச் செலவுக்குக் காணவில்லை. ஆச்சி மட்டும் வெகுநேரம் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தார். "இரும்பு போனாப் போகட்டும் தாயீ. அது ஓடுன கதையக் கேக்க ஒரு ஆளு இல்லையே" என்றார். அன்று நான் கேட்கவில்லை. இன்று கேட்க ஆச்சி இல்லை.

கப்பலை இழந்தாலும் கதையை மீட்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு, பேராசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி. பல்லாண்டுகள் ஆவணங்களைத் தேடி வ.உ.சி.யின் காலத்தை அவர் நூல்களாக்கினார். 1908-ஆம் ஆண்டுத் திருநெல்வேலி எழுச்சி பற்றிய அவரது நூலுக்கு 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. வரும் விடுமுறையில் நம் ஒவ்வொருவரும் ஒரு பழைய கருவியைத் தேடுவோம். பருத்தி அரைத்த இயந்திரமோ, தீக்குச்சி அடுக்கிய சட்டமோ, கமலையின் உருளையோ, எதுவாயினும் சரி. அதை இயக்கியவர் இருந்தால் அருகில் அமர்ந்து கேட்டு எழுதுவோம். அவை நம் பள்ளி நூலகத்தில் ஓர் ஏடாக இருக்கட்டும்.

கப்பல் கவிழ்ந்துவிட்டது. கன்னத்தில் வைத்த கையை எடுத்துப் பேனாவைப் பிடிப்போம், தோழியரே!

— ஒரு மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு