உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்



அண்மையில் வன்னியில் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். 2009இல் கணவரை இழந்தவர் அவர். மகள் விடியற்காலையிலேயே ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுவார். ஒன்பது வயதுப் பேரனையும் நான்கு வயதுப் பேத்தியையும் பார்த்துக்கொள்வது இந்த அம்மம்மாதான். அந்த வீட்டில் இன்னொரு சீவனும் உண்டு. எலும்பும் தோலுமாகப் படலையடியில் வந்து படுத்து, பின்னர் அந்த வீட்டோடே ஒட்டிக்கொண்ட ஒரு மண்ணிற நாய்.

ஒருநாள் நாய் மீன்தலை தின்றுகொண்டிருந்தபோது பேத்தி கிட்டப் போயிருக்கிறாள். நாய் உறுமியது. அண்ணன் ஓடிவந்து தடியால் நாலு அடி போட்டான். அதற்குப் பிறகு நாய் உறுமவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டு கிழமைக்குப் பின், பேத்தியின் கையிலிருந்த பாண் துண்டு நிலத்தில் விழுந்தது. எடுப்பதற்கு அவள் குனிந்தாள். நாயும் அதே துண்டுக்கு வந்தது. இந்த முறை உறுமலே இல்லை, நேரே பாய்ந்தது. கண்ணுக்குச் சற்றுக் கீழே பல் கீறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார்கள். பிள்ளை தப்பிவிட்டாள்.

"காட்டுக்குள் கொண்டுபோய் விடு" என்றார்கள் அயலவர்கள். அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "பிள்ளை, ஆம்பிளை இல்லாத வீடு. இரவில இது குலைக்கிற சத்தம் கேட்டால்தான் எனக்கு நித்திரை வரும். இதை எப்பிடிப் பிள்ளை கொண்டுபோய் விடுறது?"

நம்மில் பலருக்கும் இதே நிலைமைதான். ஆகவே அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஏன் உறுமுகிறது?

சாப்பாட்டைக் காக்கும் நாய் கெட்ட நாய் அல்ல. தன் உணவை யாரும் பறித்துவிடுவார்கள் என்று பயப்படும் நாய் அது. பட்டினி கிடந்த நாய்களிடத்திலும், குட்டி போட்ட தாய் நாய்களிடத்திலும், பல நாய்கள் ஒரே சட்டியில் உண்ணும் வீடுகளிலும் இந்தக் குணம் கூடுதலாகக் காணப்படலாம். முகாமில் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கிய நமக்கு இந்தப் பயத்தை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. "கிட்ட வராதே" என்று அது வாயால் சொல்கிறது. அதற்காக அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும். அந்த வீட்டில் நடந்தது அதுதான்.

உறுமலுக்கு முன்பே சில அடையாளங்கள் தெரியும். யாராவது கிட்டப் போனதும் நாய் அசையாமல் விறைத்து நிற்கும். அல்லது அவசர அவசரமாக விழுங்கும். தலையைச் சட்டிக்கு மேல் தாழ்த்திக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும். உதட்டைச் சுழித்துப் பல்லைக் காட்டும். இவற்றைக் கண்டவுடன் பிள்ளையைக் கூப்பிட்டு அப்பால் எடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, இடத்தைப் பிரியுங்கள். நாயின் சட்டியைப் பிள்ளைகள் ஓடித்திரியாத ஒரு மூலையில், வேலிக்கோ கதவுக்கோ அப்பால் வையுங்கள். பிள்ளைகள் பாயில் இருந்து சாப்பிடும்போது அவர்களின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. அதனால் அவர்கள் சாப்பிட்டு, சிந்தியதைக் கூட்டி முடிக்கும்வரை நாய் வெளியே நிற்கட்டும் அல்லது கட்டியிருக்கட்டும்.

இரண்டாவது, நேரம் தவறாமல் கொடுங்கள். காலையும் மாலையும் ஒரே நேரத்தில், பிள்ளைகள் சாப்பிட முன்னரே நாய்க்கு வைத்துவிட்டால் அது பாயைச் சுற்றி வராது. மிஞ்சிய சோற்றோடு முள் நீக்கிய மீன் கலந்து கொடுக்கலாம். சமைத்த கோழி எலும்பு கொடுக்க வேண்டாம். அது கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். எவ்வளவு தின்றும் நாய் மெலிந்தே இருந்தால் வயிற்றில் பூச்சி இருக்கக்கூடும். அரச மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, பறிக்காதீர்கள், கொடுங்கள். பழக்குவதற்கென்று சட்டியை இடையில் இழுத்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது நாயின் பயம் சரியென்று அதற்கே நிரூபிப்பதாகும். அதற்குப் பதிலாக, நாய் ஆறுதலாகச் சாப்பிடும் அளவு தூரத்தில் நின்று, ஒரு துண்டு அவித்த மீனையோ முட்டையையோ சட்டிப் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பிப் போங்கள். சில நாட்கள் இப்படிச் செய்தபின் ஓரடி கிட்டப் போகலாம். நாய் விறைத்தால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள். ஆள் வந்தால் பறிபோகாது, இன்னும் கிடைக்கும் என்று அது கிழமைக்கணக்கில் மெல்ல மெல்லப் பழகும். இந்தப் பழக்கம் பெரியவர்களுக்கு மட்டுமே உரியது. பிள்ளைகளை விட்டுச் செய்விக்க வேண்டாம்.

களவெடுக்கும் நாய்

குசினிக்குள் புகுந்து மீன்சட்டியில் வாய் வைத்த நாய்க்கு, அன்றைய மீனே அதன் சம்பளம். ஒருமுறை கிடைத்தால் மறுநாளும் வரும். அரைமணி நேரம் கழித்து அடித்தால் எதற்கு அடி என்று அதற்கு விளங்காது. தலையைக் குனிந்து நிற்பது குற்ற உணர்வால் அல்ல, நம் கோபத்துக்குப் பயந்துதான்.

எனவே களவுக்கு இடம் வைக்காமல் இருப்பதே மருந்து. கதவில்லாத குசினியென்றால் வாசலுக்கு ஒரு தட்டி கட்டுங்கள். நம் அம்மம்மாமார் சட்டியை உறியில் தூக்கி வைத்தார்கள். இன்றைக்கும் ஒரு துண்டுக் கயிறு போதும். எடுத்துக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள். துரத்தினால் விழுங்கும் அல்லது திரும்பிக் கடிக்கும். ஆபத்தான பொருளென்றால் அதைவிட ருசியான ஒன்றைத் தூரத்தில் எறியுங்கள். நாய் அங்கே போனதும் நடுவில் கதவை மூடிவிட்டு எடுங்கள்.

பிள்ளைகளுக்கு மூன்று சொல்

"விடு, நில், கூப்பிடு." நாய் கையிலிருப்பதைப் பிடித்தால் விடு. ஓடாமல், கத்தாமல் நில். பெரியவரைக் கூப்பிடு. இதை ஒரு விளையாட்டைப்போல அடிக்கடி சொல்லிக் கொடுங்கள். சாப்பிடும் நாயையும், படுத்திருக்கும் நாயையும், குட்டியோடு இருக்கும் நாயையும் தொடக்கூடாது என்பதையும் பழக்குங்கள். ஆனால் நான்கு வயதுப் பிள்ளை சொன்னதை மறந்துவிடும். ஆகவே சின்னப் பிள்ளையையும் நாயையும் ஒருபோதும் தனியே விடாதீர்கள்.

கடித்துவிட்டால்

சிறிய கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுங்கள். கோப்பித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் பூசாதீர்கள். உடனடியாக அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். முகத்திலும் தலையிலும் பட்ட கடி மிகவும் அவசரமானது. விசர்நாய் நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்து 14 நாட்கள் அவதானியுங்கள். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பிற்போடாதீர்கள். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுங்கள். எங்கே, எப்போது என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அறியலாம்.

இவ்வளவும் செய்த பின்னும் நாய் பிள்ளைகள் மேல் பாய்ந்தால், அல்லது இருவரையும் பிரித்து வைக்க வீட்டில் வழியே இல்லையென்றால், பிள்ளையின் பக்கமே நாம் நிற்கவேண்டும். மிருக வைத்தியரிடம் யோசனை கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் இல்லாத ஒரு வீட்டுக்கு, உள்ளதைச் சொல்லிக் கொடுங்கள். காட்டில் விடுவது தீர்வல்ல. பசித்த நாய் இன்னொரு தாயின் முற்றத்துக்குத்தான் போகும்.

அந்த அம்மா நாயை விடவில்லை. கிணற்றடிக்கு அப்பால் மூன்று தடி நட்டு, பழைய தறப்பாளைச் சுற்றி அதற்கென்று ஓர் இடம் செய்திருக்கிறார். பேரன் இப்போது தடியை எடுப்பதில்லை. "அம்மம்மா, நாய் சாப்பிடுது" என்று குரல் கொடுத்துத் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொள்கிறான்.

2009இல் வளர்த்த நாயை முற்றத்தில் விட்டுவிட்டு நடந்தவர்கள் நம்மில் பலர். மீண்டும் ஒன்றை வளர்க்கிறோம். இன்றைக்கே அதன் சட்டி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பிள்ளைகள் நடக்கும் வழியில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.