கேமராவுக்கும் வியர்க்கும்

நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வங்கிக்குப் போய்விட்டு வெளியே வரும்போது மூக்குக்கண்ணாடி மங்கிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே ஏ.சி.யில் குளிர்ந்த கண்ணாடி, வெளியே மழைக்காற்று. காற்றிலுள்ள ஈரம் கண்ணாடியில் பட்டு நீராகிறது. மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துக்கொள்ளலாம். கேமராவுக்குள் படிந்ததை என்ன செய்வது?

"பனிக்காலத்தில் கேமராவை வெளியே எடுக்காதே" என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. குளிர்ந்த கேமராவை வெதுவெதுப்பும் ஈரமுமான இடத்துக்குத் திடீரென்று கொண்டுபோவதுதான் வினை. ஊட்டியில் அது விடுதி அறைக்குள் நுழையும்போது நடக்கும். நம் ஊரில் தலைகீழ், ஏ.சி. காரிலிருந்து இறங்கும்போது.

பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் தீபத்தன்று, வேலூரிலிருந்து அத்தையைக் காரில் அழைத்து வந்தேன். கேமரா பை ஏ.சி. காற்றுக்கு நேரே இருந்தது. வேங்கிக்காலில் வீடு சேரும்போது மணி ஐந்தே முக்கால். நேரே மொட்டைமாடி. ஆறு மணிக்கு 2,668 அடி மலை உச்சியில் தீபம் தெரிந்தது. அத்தை தலைக்குமேல் கைகூப்பி "அரோகரா" என்கிறார். கேமராவில் பார்த்தால் வெறும் வெள்ளை. துடைத்தேன், மறுபடி மங்கியது. தீபம் பதினோரு நாள் எரியும், மலையைப் பிறகும் எடுக்கலாம். அத்தை அடுத்த தீபத்துக்கு இல்லை.

இதற்கென்று விலையுயர்ந்த பெட்டிகள் விற்கிறார்கள். வருடத்துக்கு நாலு தடவை கேமராவை எடுக்கும் நமக்கு அது வீண் செலவு. ஒரு பாலிதீன் பை போதும். குளிர்ந்த இடத்திலேயே கேமராவை அதில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை இறுகக் கட்டுங்கள். வெளியே வந்து அரை மணி, பெரிய லென்ஸ் என்றால் ஒரு மணி நேரம் பொறுத்துப் பிரியுங்கள். ஈரம் பையின் மேல்தான் படியும். தப்பித்தவறி மங்கிவிட்டால் லென்ஸைக் கழற்றாதீர்கள், தானாக உலரட்டும். அரிசி டப்பாவில் புதைக்கும் வைத்தியமும் வேண்டாம், மாவுத்தூள்தான் உள்ளே போகும். முக்கியமாக, அந்தப் பழைய தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை விடாது, இருட்டில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

இந்த வருடம் தீபத்துக்குப் பேரன் பெங்களூரிலிருந்து காரில் வருகிறான். செங்கத்திலேயே ஏ.சி.யை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.