கல்மழையும் கூரையும்

சித்திரை, வைகாசி மாதங்களில் ஓமலூர்ப் பக்கத்தில் ஆலங்கட்டி விழுந்தால், மறுநாள் பத்திரிகைகளில் அது ஒரு வேடிக்கைச் செய்தியாகவே வெளியாகிறது. கோடையில் பனிக்கட்டியைக் கண்டு ஜனங்கள் அதிசயித்தார்கள் என்றும், குழந்தைகள் பொறுக்கி வாயிலிட்டுக் களித்தார்கள் என்றும் எழுதுவதோடு நிருபரின் கடமை தீர்ந்துவிடுகிறது. அன்றிரவு எத்தனை வீடுகளில் குடத்தையும் அண்டாவையும் வரிசையாக வைத்து ஒழுகலைப் பிடித்தார்கள் என்று விசாரிப்பாரில்லை.

ஆலங்கட்டி நம் நாட்டுக்குப் புதிய விருந்தாளியன்று. ‘ஆலி’ என்று பழந்தமிழில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. 1888-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி வடக்கே மொராதாபாத்தில் விழுந்த கல்மழை 246 பேரின் உயிரைக் குடித்தது. உலகத்திலேயே ஆலங்கட்டியால் நேர்ந்த மிகப் பெரிய உயிர்ச்சேதம் அதுவென்று உலக வானிலை ஸ்தாபனம் பதிவு செய்திருக்கிறது. நமது ஜில்லாவில் அத்தகைய பயங்கரம் நேர்வதில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் கடற்கரை ஜில்லாக்களுக்கு இல்லாத ஒரு நிலைமை நமக்கு இருக்கிறது. கோடையில் நமது வானத்தில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலேதான் நீர் உறையும் குளிர் உண்டு. அங்கே திரளும் கட்டி தரைக்கு வருமுன் பெரும்பாலும் கரைந்து மழையாகிவிடும். ஓமலூரோ கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே சேர்வராயன் மலை. பகலெல்லாம் காய்ந்து கொதித்த நிலம். மாலையில் ஈரக்காற்று வந்து சேர்ந்ததும் மேகம் கோபுரம்போல் எழும்புகிறது. மேலேறும் காற்றின் வேகத்தால் கட்டி மேகத்துக்குள்ளேயே தங்கிப் பருக்கிறது. நன்கு பருத்தது கரையாமல் வந்து விழுகிறது.

அது எதன்மீது விழுகிறது என்பதே நமது கேள்வி. தளம் போட்ட வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உறங்கலாம். நாட்டு ஓடு உடைந்தால் நாலு ஓடு மாற்றிச் சரிசெய்யலாம். இவ்வட்டாரத்தில் ஏழைகளும் நடுத்தரத்தாரும் அதிகமாக நம்பியிருப்பது சிமெண்டு அட்டைக் கூரை. வருஷக்கணக்கில் வெயிலில் வெந்த அட்டை கல்பட்டால் விரிகிறது, சில இடங்களில் துளையே விழுகிறது. அட்டையில் ஒரு முழ விரிசல் கண்டாலும் முழு அட்டையையும் மாற்றியாகவேண்டும். (கல்நார் கலந்த பழைய அட்டையை உலர்ந்தபடியே அறுப்பதும் உடைப்பதும் நுரையீரலுக்குக் கேடு, நனைத்து எடுப்பதே நலம்.) தாரமங்கலம் பக்கத்து நெசவாளர் வீடுகளில் நஷ்டம் கூரையோடு நிற்பதில்லை. தறியில் பாவு ஏறியிருக்கையில் மேலே ஒழுகினால், பட்டும் போயிற்று, பல நாள் கூலியும் போயிற்று.

சர்க்கார் இதற்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். பேரிடர் நிவாரண நிதிக்குரிய பன்னிரண்டு ஆபத்துக்களின் பட்டியலில் ஆலங்கட்டி மழை பெயர் குறித்தே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் 2022-26 ஆண்டுகளுக்கென்று மத்திய சர்க்கார் விதித்த விகிதத்தைப் பாருங்கள்: ஓரளவு சேதமடைந்த பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய், கச்சா வீட்டுக்கு 4,000 ரூபாய்; அதுவும் வீட்டில் நூற்றுக்குப் பதினைந்து பங்காவது சேதமாகியிருக்க வேண்டும். ஆலங்கட்டி சுவரை இடிப்பதில்லை; கூரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளைக்கிறது. பதினைந்து பங்கு எங்கே தேறும்? உள்ளே இருந்ததெல்லாம் நனைந்து நாசமானாலும் கணக்கில் அது சிறு சேதமே.

ஆகவே இன்ஷூரன்ஸ் ஒன்றே வழி என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் ஒரு விசித்திரத்தைக் காண்கிறோம். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி என்ற சொல் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது; கல்மழையால் பயிர் அழிந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்து உழவர் நஷ்ட ஈடு கோரலாம். மோட்டார் வண்டிக்குரிய முழுப் பாலிஸியிலும் அச்சொல் இருக்கிறது. அதற்கடுத்தாற்போல் உறைபனியும் இருக்கிறது! ஓமலூர்க் கடைவீதியில் நிற்கும் கார் உறைபனிக்குக்கூட அஞ்சவேண்டியதில்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் விற்கவேண்டுமென்று விதித்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் வீட்டுப் பாலிஸியின் ஷரத்தைப் படித்துப் பாருங்கள். தீ, இடி, பூகம்பம், நிலச்சரிவு ஆகியவற்றோடு புயல், சூறாவளி, சுழற்காற்று, சுனாமி, வெள்ளம் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஆலங்கட்டியைக் காணோம்.

கம்பெனிக்காரர், “புயல் என்பதில் அதுவும் அடக்கம்” என்பார். சட்டம் படித்தவர் மற்றொரு வாதமும் சொல்லலாம்: வெளிப்பொருள் எதுவும் மோதியதால் உண்டாகும் சேதத்துக்கு அதே பாலிஸியில் ஒரு ஷரத்து இருக்கிறது, வானத்திலிருந்து விழும் கட்டி வெளிப்பொருளே அல்லவா? ஷரத்தில் ஐயம் இருந்தால் அதை எழுதிய கம்பெனிக்கு விரோதமாகவே பொருள் கொள்ளவேண்டுமென்பது நமது நியாயஸ்தலங்கள் ஒப்புக்கொண்ட விதி. இவை நல்ல வாதங்கள்தாம். வழக்கில் ஜெயிக்கவுங் கூடும். ஆனால் பத்து அட்டை உடைந்தவன் வாதாடவா போவான்? கல்மழை ஒரு தெருவில் விழும், அடுத்த ஊரில் தூறலும் இராது. “அன்று புயல் அடித்ததா, காற்றின் வேகம் என்ன, அத்தாட்சி எங்கே?” என்று மதிப்பீட்டாளர் கேட்டால், தொலைவிலுள்ள வானிலை நிலையத்தின் குறிப்பில் ஒன்றும் இராது. சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் வக்கீலின்றி, கட்டணமின்றி முறையிடலாம் என்பது மெய்யே. எனினும் ஒரு சொல்லை எழுதினால் தீரும் விவகாரத்துக்கு ஏழையை ஏன் சென்னைக்கு முறையிடச் சொல்ல வேண்டும்? புயலில் ஆலங்கட்டி அடக்கமென்றால், அதைப் பாலிஸியில் எழுதுவதில் கம்பெனிக்கு நஷ்டமில்லை. எழுத மறுத்தால், அடக்கமில்லை என்பது வெளியாகிவிடும்.

இன்ஷூரன்ஸ் பணக்காரருடைய சரக்கென்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். ஜெர்மனியில் மெக்லன்பர்க் நாட்டு விவசாயிகள் 1797-லேயே ஆலங்கட்டி நஷ்டத்துக்கென்று தங்களுக்குள் ஒரு பரஸ்பர சங்கம் அமைத்துக்கொண்டார்கள். நம் ஜில்லாவில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அங்கத்தினர் வீடுகளை ஒரே கூட்டாக இன்ஷூர் செய்யச் சங்கம் கம்பெனியோடு பேரம் பேசினால், ஷரத்தைத் திருத்தி எழுதச் சொல்லும் பலமும் வரும். வீட்டுப் பாலிஸி குடியிருக்கும் வீட்டுக்கும் வீட்டுச் சாமான்களுக்குமே. தறியும் நூலும் தொழில் முதலாதலால் அவற்றுக்குச் சிறு தொழில்களுக்குரிய பாலிஸியைத் தனியாகக் கேட்கவேண்டும். ஓலையும் புல்லும் வேய்ந்த குடிசைகளைத் தீ இன்ஷூரன்ஸ் கணக்கில் ‘கச்சா’ என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சர்க்கார் நிவாரணமே கதி. குடிசைக்கு 8,000 ரூபாய் என்ற விகிதம் போதாதென்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பாங்கியில் கடன் பெற்று வீடு கட்டியவர்கள் தங்கள் பேரில் ஏதேனும் பாலிஸி இருக்கிறதா என்று கேட்டு, அதன் நகலை வாங்கிப் படிப்பார்களாக. பிரீமியம் கட்டியவன் கையில் பத்திரம் இல்லாதிருப்பது நம் ஊரில் சாதாரணம். கல் விழுந்த அன்றே உடைந்த கூரையையும் தரையில் கிடக்கும் கட்டியையும் படம் பிடித்து வைத்து, கம்பெனிக்கும் கிராம நிர்வாக அதிகாரிக்கும் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். கட்டி ஒரு நாழிகையில் கரைந்துவிடும், பிறகு சாட்சி கிடையாது.

மே 1-ந் தேதி கிராம சபை கூடுகிறது. கல்மழைக் காலமும் அதுவே. ஓமலூர், காடையாம்பட்டி தாலுகாக்களின் ஊராட்சிகள், வீட்டுப் பாலிஸியில் ‘ஆலங்கட்டி’ என்ற சொல்லைச் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றி, ஹைதராபாத்திலுள்ள ஆணையத்துக்கு மகஜராக அனுப்பும்படி நமது தொண்டர்கள் இப்போதே வேலையைத் தொடங்கவேண்டும்.