பந்து சோறு போடுமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஜன்னலோரம் இடம் பிடித்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகிறவர்கள் ஒரு ரகம். எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு, 'எப்போது வரும் ஏரி?' என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போவது வழக்கம். போன மாதம் மட்டும் ஐந்தாவது வளைவோடு எண்ணிக்கை தவறிப் போயிற்று. காரணம், பக்கத்தில் இருந்தவர்.

மகனை மலை மேல் விடுதிப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போய்க்கொண்டிருந்தார் அவர். காலடியில் ஒரு தகரப் பெட்டி. பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மடியில் துண்டு சுற்றிய கிரிக்கெட் மட்டை. பெட்டியைத் தகப்பனாரிடம் விட்டுவிட்டு, மட்டையை மட்டும் அவன் யாரிடமும் கொடுக்கவில்லை.

நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் அவர் கேட்டார்: "நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க சார். படிப்பு சோறு போடும். பந்து சோறு போடுமுங்களா?"

பையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

'போடும்' என்றால் தகப்பனாருக்குக் கோபம். 'போடாது' என்றால் பையனுக்குத் துக்கம். அதனால் ஒரு கதை சொன்னேன்.

ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கூடம் இருக்கிறதல்லவா? 1917-ல் ஆரம்பித்தது. அங்கே படித்தவர்களில் ஒருவர் ரோஜர் பின்னி. 1955-ல் பெங்களூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். பள்ளிப் பருவத்தில் கிரிக்கெட் மட்டும்தான் என்றில்லை. ஹாக்கி, கால்பந்து எல்லாம் ஆடினார். ஈட்டி எறிவதில் சிறுவர்களுக்கான தேசிய சாதனையே அவர் பெயரில் இருந்தது. 1977-78 ரஞ்சிப் பந்தயத்தில் கேரளத்துக்கு எதிராக முதல் ஆட்டக்காரராக இறங்கி 211 ரன் அடித்தார். அவரும் சஞ்சய் தேசாயும் ஆட்டம் இழக்காமலே சேர்த்தது 451 ரன்!

1979 நவம்பரில் பெங்களூரில், பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட். இந்தியக் குழுவில் அவருக்குக் கிடைத்த வேலை வேறு விதம். முதலில் ஆடப் போகிறவரும் அல்ல. பிரதானப் பந்து வீச்சாளரும் அல்ல. கபில்தேவ் ஓய்ந்தால் பந்து போடவேண்டும். மற்றவர்கள் சரிந்தால் மட்டை பிடிக்கவேண்டும். நம் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி விசாரிக்கிற பெரியப்பா மாதிரி. அவர் இல்லாவிட்டால்தான் அவர் செய்த வேலை தெரியும்.

1983 உலகக் கோப்பை என்றதும் கபில்தேவின் 175 ரன் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஜிம்பாப்வேக்கு எதிரான அந்த ஆட்டத்தில் 17 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போன நிலையில் கபிலுக்குத் துணையாகப் போய் நின்றவர் பின்னி. அவர் அடித்தது 22 ரன்தான். ஆனால் அவர் வெளியேறும்போது கணக்கு 77. இரண்டு நாள் கழித்து, தோற்றால் ஊர் திரும்பவேண்டும் என்ற நிலையில் ஆஸ்திரேலியாவோடு ஆட்டம். 29 ரன் கொடுத்து நான்கு பேரை வீழ்த்தினார். இறுதிப் பந்தயத்தில் எதிரணித் தலைவர் கிளைவ் லாயிட் விழுந்ததும் இவர் பந்தில்தான். அந்தக் கோப்பைப் பந்தயங்களில் மொத்தம் 18 விக்கெட். உலகத்திலேயே யாரும் அவ்வளவு எடுக்கவில்லை.

"அப்போ பணம் கொட்டியிருக்குமே!" என்றார் தகப்பனார்.

எங்கே கொட்டிற்று? ஜெயித்து வந்த பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க அப்போது கிரிக்கெட் வாரியத்திடம் காசு இல்லை. லதா மங்கேஷ்கர் டில்லியில் கச்சேரி செய்து, அந்த வசூலிலிருந்துதான் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்!

1986-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் டெஸ்டில் 58 ரன்னுக்கு ஏழு விக்கெட். 1987 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஓர் இன்னிங்ஸில் 56 ரன்னுக்கு ஆறு. அடுத்த மாதமே பெங்களூரில் கடைசி டெஸ்ட். ஆரம்பித்த அதே ஊர், அதே பாகிஸ்தான். காவஸ்கர் 96 ரன் எடுத்துப் போராடியும் 16 ரன்னில் தோற்றோம். கடைசியாக ஆட்டமிழந்தவர் பின்னி. அந்த அக்டோபரில் சேப்பாக்கத்தில் அவருடைய கடைசி ஒருநாள் பந்தயம். ஓட்டம் எடுக்காமல் ரன் அவுட். இந்தியா தோற்றது ஒரே ஒரு ரன்னில். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

"பார்த்தீங்களா! முப்பத்திரண்டோட முடிஞ்சு போச்சு. மிச்சப் பொழைப்பு?" என்றார் தகப்பனார். நியாயமான கேள்விதான். உத்தியோகத்தில் இருப்பவர் பதவி உயர்வு பார்க்கிற வயதில் ஆட்டக்காரனுக்கு ஓய்வு வந்துவிடுகிறது. அந்த வயதில் எதை நம்பி வீடு கட்டுவது, பிள்ளையைப் படிக்க வைப்பது?

பின்னி மறுபடி பிள்ளைகளிடம் போனார். 2000-ல் இலங்கையில் 19 வயதுக்கு உட்பட்டவர்களின் உலகக் கோப்பையை இந்தியா முதன்முறையாக ஜெயித்தபோது பயிற்சியாளர் அவர்தான். கைஃபும் யுவராஜும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். பிறகு இந்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறவர்களில் ஒருவரானார். அங்கேதான் ஒரு தர்மசங்கடம். அவர் மகன் ஸ்டூவர்ட்டும் கிரிக்கெட் ஆட்டக்காரர். பையன் பெயர் பேச்சுக்கு வந்தால், தான் அறையை விட்டு எழுந்து போய்விடுவதாகத் தந்தை சொன்னார். ஊர் வாய் அப்படியும் சும்மா இருக்கவில்லை. 2014 ஜூனில் டாக்காவில் வங்கதேசத்துக்கு எதிராக ஸ்டூவர்ட் நான்கே ரன் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்தார். ஒருநாள் பந்தயங்களில் எந்த இந்தியரும் அதுவரை அவ்வளவு சிறப்பாக வீசியதில்லை. தகப்பன் பேசாமல் விட்டதை மகனின் பந்து பேசிற்று.

2022-ல் பின்னி கிரிக்கெட் வாரியத்துக்கே தலைவரானார். 2025 வரை அந்தப் பதவியில் இருந்தார். பரிசு கொடுக்கப் பணமில்லாமல் இருந்த அதே வாரியம், இப்போது உலகத்திலேயே பெரும் பணக்கார வாரியம்.

"ஆக, பந்து சோறு போடும்கறீங்களா?" என்றார் அவர்.

"எல்லோருக்கும் போடாது. இத்தனை திறமை இருந்தவருக்கே ஏழரை வருஷத்தில் 27 டெஸ்ட்தான் கிடைத்தது. ஆனால் பந்தோடு சேர்த்துப் பொறுமையையும் கற்றுக்கொண்டவன் பட்டினி கிடக்கமாட்டான்" என்றேன்.

ஏரி வந்துவிட்டது. இறங்கும்போது தகப்பனார் மகனிடம் சொன்னது காதில் விழுந்தது: "மட்டை உங்கிட்டயே இருக்கட்டும். கணக்குல மட்டும் மார்க் குறைஞ்சுதுன்னா, அடுத்த பஸ்ல நான் வந்து நிப்பேன்!"

பையன் தலையை ஆட்டினான். அதன் பிறகுதான் துண்டை அவிழ்த்தான்.