நீர்க்கட்டிக்கு வெயில் மருந்தாகுமா?

தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு புக்கிட் தீமா சாலையில் சற்று நடந்தால் கே.கே. மருத்துவமனை வந்துவிடும். கண்டாங் கெர்பாவ் என்ற அதன் பழைய பெயருக்கு மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது. பிள்ளைப்பேற்றுக்குப் பேர்போன அந்த இடத்துக்கு, "மூன்று மாதமாக விலக்கு வரவில்லை" என்று சொல்லிக்கொண்டு போகும் பெண்களும் உண்டு. போகவேண்டியவர்களில் பலர் போவதில்லை என்பதுதான் என் கவலை.

பி.சி.ஓ.எஸ். என்பதை நம்மவர்கள் 'கர்ப்பப்பையில் நீர்க்கட்டி' என்கிறார்கள். இரண்டு சொல்லுமே தப்பு. கோளாறு கர்ப்பப்பையில் இல்லை, அதன் இருபுறமும் உள்ள சினைப்பைகளில். கட்டியும் இல்லை, முதிர்ந்து வெளிவராமல் நின்றுபோன சிறு சினை முட்டைப் பைகள்தாம் ஸ்கேனில் முத்துமாலைபோல் தெரிகின்றன. 1935-ல் சிக்காகோ டாக்டர்கள் ஸ்டைன், லெவெந்தால் இருவரும் இதை விவரித்தார்கள். விலக்கு தள்ளிப்போகும்; முகவாயில் முடி, தீராத பரு, உடல் பருமன் என்று ஆளுக்கொரு விதமாகக் காட்டும். பருவ வயதுப் பெண்களில் நூற்றுக்கு 6 முதல் 13 பேருக்கு இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது.

இப்போது வைட்டமின் 'டி' கதைக்கு வருவோம். "அது குறைந்ததால்தான் நீர்க்கட்டி, மாத்திரை போட்டால் கரைந்துவிடும்" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. இந்நோய் உள்ள பெண்கள் பலருக்கு அந்த வைட்டமின் குறைந்திருப்பது உண்மை. ஆனால் பருமனான உடம்பில் அது கொழுப்பில் போய்த் தங்கிவிடும், ரத்தத்தில் குறைவாகத் தெரியும். ஆகவே எது காரணம், எது விளைவு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. குறைவு இருந்தால் நிரப்பவேண்டும், எலும்புக்காகவாவது. அதை நீர்க்கட்டிக்கு வைத்தியம் என்று நம்பி உட்கார்ந்துவிடக்கூடாது.

பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நமக்கு வெயில் பஞ்சமா என்று கேட்பீர்கள். ஜொகூர் தோட்டத்து வீட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெண்ணைப் பாருங்கள். விடியுமுன் பஸ் ஏறுகிறாள். பகலெல்லாம் குளிர்சாதன அறை. இருட்டியபின் பாலம் கடந்து வருகிறாள். அம்மா வெளிக்காட்டு வேலையில் பட்ட வெயில் மகள் மேல் படுவதே இல்லை. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. நம் கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரமும் வேண்டும். சிங்கப்பூரில் 2009-ல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வில் கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, சீனப் பெண்களைவிட மலாய், இந்தியப் பெண்களிடம் இந்தக் குறைவு அதிகமாகக் காணப்பட்டது.

காலை இளவெயில்தான் நல்லது என்பார்கள் பெரியவர்கள். சுகமாக இருக்கும், ஆனால் அதில் வைட்டமின் அதிகம் ஊறாது. நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் வேளைதான் சரி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கைகாலில் கொஞ்ச நேரம் பட்டால் போதும், கருகும்வரை நிற்கவேண்டாம். மத்தி மீன், முட்டை மஞ்சள் கரு, நம் பழைய தோழன் டின் சார்டின் இவற்றிலும் உண்டு. டாக்டர் சொல்லாமல் நாளைக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் விழுங்காதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தாய்மார்களே, "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் விலக்கு வராவிட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். பிற்காலத்தில் அங்கே புற்றுநோய் வர இடம் கொடுக்கும். சர்க்கரை நோயும் சீக்கிரம் எட்டிப்பார்க்கும், நம் இனத்துப் பெண்களுக்கு அதிகப் பருமன் இல்லாவிட்டாலும்கூட. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே சிலருக்கு விலக்கு திரும்புகிறது. மற்றவர்களுக்கு மாத்திரை உண்டு. இந்நோய் உள்ளவர்கள் பலர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். 'மலடி' என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கவேண்டாம்.

வயதுப் பெண்ணை உள்ளே கைவிட்டுச் சோதிப்பார்களோ என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். விலக்குக் கோளாறும் முடி வளர்ச்சியும் சேர்ந்திருந்து, வேறு காரணம் இல்லையென்று ரத்தச் சோதனையில் தெரிந்தால் ஸ்கேன்கூடத் தேவைப்படாது. எடுத்தாலும் வயிற்றின்மேல் வைத்தே பார்க்கலாம். "மணமாகாத பெண்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மகள் நின்றிருப்பது மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால், சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்துக்கோ மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்குக்கோ அழைத்துப் போங்கள். போகும்போது, நாட்காட்டியில் அவள் விலக்கான தேதிகளை வட்டமிட்டு, அந்தத் தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.