கவிஞர் வரும் முன் நூல் வரட்டும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் செய்யுள் பகுதிகளின் இறுதியில் 'நூல்வெளி' என்றொரு சிறு கட்டம் இருக்கும். கவிஞரின் இயற்பெயர், பிறந்த ஊர், எழுதிய நூல்கள், பெற்ற விருதுகள் ஆகியவை அதில் அடங்கிவிடும். தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. பெரும்பாலான மாணவர்களுக்குக் கவிஞர் என்பவர் அந்தக் கட்டத்துக்குள் வாழ்பவர். அதிலும் பெரும்பாலும் காலமானவர். அப்படியிருக்க, பள்ளியின் வாசிப்பு மன்றம் ஒரு கவிஞரை நேரில் அழைத்து, அவர் பேருந்திலிருந்து இறங்கி நடந்துவந்து வகுப்பறையில் உட்காருவது எளிய நிகழ்வு அன்று. எழுத்து என்பது நம்மைப் போன்ற ஒருவர் செய்யும் வேலைதான் என்பதை ஒரு குழந்தை முதன்முதலாக உணரும் தருணம் அது.

ஆனால், நம் பள்ளிகளில் இந்தத் தருணம் பெரும்பாலும் விழாவாகிவிடுகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை, பொன்னாடை என்று நிகழ்ச்சி நீளும். சிறப்புரைக்குக் கவிஞர் எழும்போது, மதிய உணவுக்கு மணி அடிக்கப் பத்து நிமிடங்களே இருக்கும். மைதானத்தில் வரிசையாக அமர்த்தப்பட்ட சில நூறு மாணவர்களில் ஒருவர்கூட அவருடைய நூலைப் படித்திருக்க மாட்டார். கேள்வி நேரத்தில் எழும் ஒரே கேள்வி, "நீங்கள் கவிஞர் ஆனது எப்படி?" என்பதாக இருக்கும். அதுவும் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததாக இருக்கும். பாவம், கவிஞர் என்னதான் சொல்வார்!

இதில் ஆசிரியர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. 2024 செப்டம்பரில், சென்னை அரசுப் பள்ளியில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் முற்பிறவிப் பாவங்களைப் பற்றி மாணவிகளிடம் பேசியதும், பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் அங்கேயே அதை எதிர்த்ததும் பெரும் விவாதமாயின. பேச்சாளர் கைதுசெய்யப்பட்டார். பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய நெறிமுறைகள் வகுக்கப்படும் என்று அரசு அறிவித்தது. அந்த அக்கறை சரியானதே. ஆனால், கட்டுப்பாடு என்றவுடன் தலைமையாசிரியர்கள் எடுக்கும் எளிய முடிவு எவரையும் அழைக்காமல் இருப்பதுதான். ஊக்கப் பேச்சாளருக்கும் எழுத்தாளருக்கும் இடையே வேறுபாடு உண்டு. பேச்சாளர் என்ன பேசுவார் என்பது அவர் பேசி முடித்த பிறகே தெரியும். எழுத்தாளரோ தம் நூலை முன்கூட்டியே நம் கையில் தந்துவிடுகிறார். அதை முழுவதும் படித்துப் பார்த்த பின் அழைக்கலாம். இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எந்த நெறிமுறையிலும் கிடைக்காது.

சிக்கல் நூல் கைக்கு வருவதில்தான் இருக்கிறது. வாசிப்புக்கு அரசு எதுவும் செய்யவில்லை என்று எவரும் கூற முடியாது. 2022 முதல் மாணவர்களுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் வருகின்றன. வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. ஆயினும் பல பள்ளிகளில் நூலகர் இல்லை. ஏற்கெனவே பாடச்சுமையும் பதிவேட்டுச் சுமையும் உள்ள ஓர் ஆசிரியரே நூலகப் பொறுப்பையும் சுமக்கிறார். நூல் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. எனவே பீரோ பூட்டியே கிடக்கிறது. நூல் தேய்வதும் கிழிவதும் சில பிரதிகள் காணாமல்போவதும் நூலகத்தின் இயல்பான செலவு என்று துறை எழுத்துபூர்வமாக ஏற்றுக்கொள்ளும்வரை இந்தப் பூட்டு திறக்காது.

வேறொரு வழியும் அருகிலேயே இருக்கிறது. எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் உருவான 1948ஆம் ஆண்டின் சென்னை பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரியாக இன்றும் வசூலிக்கப்படுகிறது. அந்த வரியில் இயங்கும் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ பல பள்ளிகளுக்கு நடந்துபோகும் தொலைவில்தான் இருக்கிறது. கவிஞர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அவருடைய நூலின் பத்துப் பிரதிகளைக் கிளை நூலகம் பள்ளிக்கு இரவல் தரலாமே! பத்துப் பிரதிகள் இருந்தால், கைமாறிக் கைமாறி முப்பது பேர் படித்துவிடுவார்கள். அந்த முப்பது பேரை மட்டும் கவிஞரோடு ஓர் அறையில் உட்காரவைத்தால் போதும். மைதானமும் ஒலிபெருக்கியும் தேவைப்படா.

பேசத் தயங்கும் ஒன்று, பணம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா வங்கிப் பணியில் இருந்துகொண்டே எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தொடங்கினார். இன்றைக்கும் சிறார்க்கு எழுதுவோரில் பலர் ஆசிரியர்களாகவோ அலுவலர்களாகவோதான் இருக்கிறார்கள். விடுப்பு எடுத்து, சொந்தச் செலவில் பயணம் செய்து, பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் கூலி தருவதில் நமக்குத் தயக்கமில்லை. எழுத்தாளரிடம் மட்டும் அது 'சேவை' ஆகிவிடுகிறது. பிரிட்டனில் எழுத்தாளர் சங்கம் பள்ளி வருகைக்கு ஊதியம் தரப்பட வேண்டும் என்று வெளிப்படையாகவே கோருகிறது. இங்கே அத்தகைய கோரிக்கையை எழுப்பினால் ஆணவம் என்பார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு மாதந்தோறும் கூடித் தீர்மானம் எழுதுகிறது. குடிநீர்க் குழாய், சுற்றுச்சுவர், கழிப்பறை ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. அவை இடம்பெறத்தான் வேண்டும். அதே தாளில், வரும் பருவத்தில் அழைக்கப்படும் எழுத்தாளரின் பெயர், அதற்கு முன் மாணவர்கள் படிக்க வேண்டிய நூல், பிரதிகள் எங்கிருந்து வரும், எழுத்தாளருக்கான பயணச் செலவும் மதிப்பூதியமும் எவ்வளவு என்ற நான்கு வரிகளுக்கும் இடம் இருக்கிறது. பொன்னாடைக்கான தொகையை மதிப்பூதியத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.